பொது நூலக வாசகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சந்தா செலுத்திய உறுப்பினர்களுக்கும், இனிச் செலுத்தவிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். செயற்குழு விதிப்படி கூட்டப்பட்டது. போதிய உறுப்பினர் வராமையால் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. நூற்கண்காட்சி நடைபெற்றது. கிழிந்த நூல்களுக்கு அட்டை கட்டும் பணி முடிவுற்றது.

சென்ற பொதுக்குழுவில், பள்ளி நாட்களின் மாலை வேளையில் மாணவர்கள் வேண்டிய நூலைத் தேட உதவும் ஒரு துணை மேசை அமைக்கலாம் என்று நான் முன்மொழிந்தபோது, அது நூலகத்தைத் தனிப்பயிற்சிக் கூடமாக்கிவிடும் என்று சிலர் கருதியது நினைவிருக்கலாம். பாடம் நடத்துவது ஆசிரியர் பணி. விடை எந்த நூலில் எந்தப் பக்கத்தில் கிடைக்கும் என்று தேடப் பழக்குவது நூலகத்தின் பணி. இது என் கண்டுபிடிப்பு அன்று. யுனெஸ்கோ 1949-இல் முதன்முதலாக வெளியிட்ட பொது நூலகக் கொள்கை அறிக்கையின் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், தாமே கற்போருக்கும் பள்ளி முதலான எல்லா நிலைகளிலும் முறைசார் கல்வி பெறுவோருக்கும் துணைநிற்பதைப் பொது நூலகத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. தீர்மானம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் இதுவரை மேசையைப் பார்க்க வரவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

மேசையைத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஒன்று புலப்பட்டது. மாணவர் ஒவ்வொருவராக வருவதில்லை, வகுப்பு வகுப்பாக வருகிறார்கள். ஒரே செயல்திட்டத் தலைப்பு ஒரே நாளில் வகுப்பு முழுவதற்கும் தரப்படுகிறது. முதலில் ஓடிவந்த பிள்ளை அத்தலைப்பில் உள்ள இரண்டு நூல்களையும் இரவல் பெற்றுச் சென்றுவிட, பின்னால் வருவோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தொலைவிலிருந்து வருபவரும், வீட்டில் இளையோரைப் பார்த்துக்கொண்டபின் வருபவரும் எப்போதும் இந்தப் பின்னால் வருவோரில்தான் இருக்கிறார்கள். எனவே நூலகரின் இசைவோடு, தலைப்பு நடப்பிலிருக்கும் நாட்களில் அந்நூல்களை இரவலுக்கு விடாமல் தனி அடுக்கில் வைத்து, அங்கேயே அமர்ந்து படிக்கச் செய்தோம். தலைப்புகளை முன்கூட்டியே தெரிவிக்கும்படி ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினேன். சிலர் உடனே பட்டியல் அனுப்பினர். சிலருக்கு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. அஞ்சல் செலவு கணக்கில் கூடியிருப்பதன் காரணம் இதுவே.

தண்ணீர் பற்றி எழுதவந்த ஒரு மாணவியின் நிலையை இங்குச் சற்று விரித்துக் கூற அனுமதி வேண்டுகிறேன். தண்ணீர் அறிவியல்தானே என்று, அறிவியல் நூல்களுக்குரிய 500-களின் அடுக்கிலேயே அவர் வெகுநேரம் நின்றிருந்தார். மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் பத்துமுறைப் பகுப்பின் வழியில் அடுக்கப்பட்ட நூலகத்தில், நிலத்தின்மேலும் அடியிலும் உள்ள நீர் 551-இல் இருக்கும். நீர்வளத்தின் பொருளியல் 333-இலும், குடிநீர் வழங்கல் என்னும் பொதுச்சேவை 363-இலும், அதற்கான பொறியியல் 628-இலும் கிடக்கும். ஒரு தலைப்பு நான்கு அடுக்குகளில் சிதறியிருப்பதை அம்மாணவி எவ்வாறு அறிவார்? பகுப்பு எண்ணைப் படிக்கவும், நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவைப் புரட்டவும் அரை மணி நேரம் காட்டித் தந்தேன்; மறுவாரம் அவரே தம் தோழிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து 1924-இல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் நான்காவதாக, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்றார். அவ்விதி எழுதிச் சட்டமிட்டு நம் வாசிப்பறைச் சுவரில் பல ஆண்டுகளாகத் தொங்குகிறது.

தேர்வு நெருங்கியதும் மாணவர்களின் தேவை மாறியது. அப்போது அவர்கள் நூலைவிட நாற்காலியையும் வெளிச்சத்தையும் அமைதியையுமே தேடி வருகிறார்கள். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தொகுத்துக் கட்டிவைத்தோம். செய்தித்தாள் பகுதியில் உரக்க விவாதிக்கும் மூத்த உறுப்பினர்களிடம் அந்த வாரங்களிலாவது குரலைத் தணிக்குமாறு கேட்டதில் இருவர் என்னுடன் பேசுவதில்லை.

தாமதக் கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும். செயல்திட்டம் முடியும்வரை நூலை வைத்திருக்கும் பிள்ளை, கட்டணத்துக்கு அஞ்சி நூலையும் திருப்பித் தருவதில்லை, தேர்வுக் காலத்திலும் நூலகப் பக்கம் வருவதில்லை. அயர்லாந்தின் பொது நூலகங்களும் சிகாகோ நகர நூலகமும் 2019-இலும், நியூயார்க் நகரின் நூலகங்கள் 2021-இலும் இக்கட்டணத்தைக் கைவிட்டன. சிகாகோவில் அதன்பின் நெடுநாள் திரும்பாத நூல்கள் பெருமளவில் திரும்பிவந்ததாக நூலகத்தார் தெரிவித்தனர். சிறுவர் நூல்களுக்கேனும் இங்கும் அவ்வாறு செய்யுமாறு நூலகத்துக்கு விண்ணப்பம் அளித்துள்ளோம். பிள்ளைகளுக்குக் கட்டணம் வேண்டாம் என்னும் செயலாளர் எங்கள் சந்தா நிலுவையை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது முறையா என்று ஓர் உறுப்பினர் எழுத்துமூலம் வினவியுள்ளார். பிள்ளைகள் நூலை வாசித்ததால் தாமதித்தவர்கள் என்பதே என் பணிவான விடை.

துணை மேசைக்கு முறைவைத்துப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் முதல் மாதத்திற்குப் பின் வரவில்லை. திருமணம், பயணம், முழங்கால் வலி எனக் காரணங்கள் கிடைத்தன; அவற்றை நான் ஐயுறவில்லை. ஆயினும் ஆண்டின் பிற்பகுதியில் நானும் ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவருமே மாறி மாறி அமர்ந்தோம் என்பதும், இருவரும் நோயுற்ற வாரத்தில் மேசை மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் வாயிலில் காத்திருந்து திரும்பினர் என்பதும் வருகைப் பதிவேட்டில் உள்ளவை.

வரவு செலவு பொருளாளரின் பொறுப்பில் சீராக உள்ளது. வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது, செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடியது. இடைவெளி சென்ற ஆண்டின் இருப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு ஈடுசெய்ய அத்தகைய இருப்பு இல்லை. விரிவான கணக்கு தணிக்கைக்குப் பின் வைக்கப்படும்.

ஒத்துழைத்த நூலகருக்கும், பணியாளர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், தலைவருக்கும், நாற்காலிகள் அளித்த அன்பருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

பள்ளிகள் மீண்டும் திறக்கும்போது மேசையும் திறக்கும் என்று இவ்வறிக்கையில் உறுதி கூற என்னால் இயலவில்லை. வாரத்துக்கு ஒரு மாலை அமர ஐவர் முன்வந்தால் திறக்கலாம். இருவரை வைத்து இன்னோர் ஆண்டு நடத்த எனக்கும் உடல் இடம்தராது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க விரும்பினாலும் மகிழ்வேன், மேசையையும் சேர்த்து ஏற்பதாயின் மேலும் மகிழ்வேன். பெயர் எழுதும் பதிவேடு வாயிலருகே உள்ளது; பேனா நூலால் கட்டிவைக்கப்பட்டுள்ளது. ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் அதனருகிலேயே அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்