அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகைத் தள்ளுபடி விளம்பரங்களில் டி.வி.க்கும் வாஷிங் மெஷினுக்கும் பக்கத்திலேயே இப்போது, தூசியை உறிஞ்சித் தரையையும் துடைக்கும் 'வேக்குவம் கம் மாப்' இயந்திரங்களும் இடம்பிடித்துவிட்டன. பெரும்பாலான விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது உறிஞ்சுதிறன்: 15,000 பாஸ்கல், 20,000 பாஸ்கல். டைல்ஸ் தரைக்கு இயந்திரம் வாங்குகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது.

பாஸ்கல் கணக்கு, காற்று போகும் வாயை அடைத்துவைத்து அளக்கப்படும் அழுத்த வேறுபாடு. 20,000 பாஸ்கல் என்றால் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுத்து நிறுத்தலாம். வாய் திறந்து காற்று ஓடத் தொடங்கியதும் இந்த எண் மளமளவென்று இறங்கிவிடும். கம்பளத்தின் இழைக்குள் புதைந்த மண்ணைப் பிடுங்க அழுத்தம் உதவும். விட்ரிஃபைடு டைல்ஸிலும் மொசைக்கிலும் தூசி மேலாகத்தான் கிடக்கிறது. அதற்கு விளக்குமாறே போதும். நம் தரையில் பாடுபடுத்துவது எண்ணெய்க் கால் தடம், சிந்திக் காய்ந்த காபி, சாம்பார்ச் சொட்டு, ஈரத்தில் அப்பிக்கொண்ட நீள முடி. இவற்றுக்குத் தண்ணீரும் தேய்ப்பும் வேண்டும். தேய்த்த தண்ணீர் உடனே தரையை விட்டுப் போகவும் வேண்டும். வாளியும் மாப்புமாகத் துடைக்கும்போது இரண்டாவது அறை முடிவதற்குள் வாளி கறுத்துவிடுகிறது. மூன்றாவது அறையில் நடப்பது துடைப்பது அல்ல, பூசுவது. கூடுதல் பணம் கொடுத்து இயந்திரம் வாங்குவதற்கு இந்தக் குறை தீர்வதைத் தவிர வேறு நியாயம் இல்லை. எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான்.

இதைக் கேட்டாலே பாதி மாடல்கள் கழன்றுவிடும். கைப்பிடி வேக்குவத்தின் அடியில் ஈரத்துணிப் பட்டை ஒட்டிக்கொள்ளும் வகையில் அழுக்கு எங்கும் போவதில்லை. அந்தத் துணியிலேயே தங்கி வீடு முழுக்க உலா வரும். 'வெட் அண்ட் டிரை' என்று விற்கும் 15, 20 லிட்டர் டிரம் வகை, கொட்டிய தண்ணீரை உறிஞ்சும். தரையைத் தேய்த்துத் துடைக்காது. பெயரை நம்பி வாங்கிவிட்டு, துடைக்கும் பாகம் எங்கே என்று பெட்டிக்குள் தேடுகிறவர்கள் நிறைய. ரோபோ வகையில், தானே சார்ஜ் ஏறும் நிலையத்துக்குத் திரும்பிப்போய்த் துணியை அலசிக்கொள்ளும் மாடலுக்குத்தான் அர்த்தம் உண்டு. அதுவும் சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான நிலைப்படியை ஏற முடியாமல் பல மாடல்கள் நின்றுவிடும். பழைய வீடுகளில் அறைக்கு அறை படி இருக்கும். வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துகொள்வது நல்லது.

கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வது, நின்றபடி தள்ளும் உருளை வகை. பிஸ்ஸல், டினெகோ, ட்ரீமி போன்ற நிறுவனங்கள் இந்த வகையை விற்கின்றன. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்குத் தனியாக ஒன்று. பம்பு உருளையை நனைக்கும், உருளை சுழன்று தரையைத் தேய்க்கும், மறுபக்கத்தில் ஒரு சீவுபட்டை உருளையை வழித்துப் பிழியும். பிழிந்ததை உறிஞ்சுகாற்று மேலே இழுத்து அழுக்குத் தொட்டியில் கொட்டும். ஒவ்வொரு சுற்றிலும் உருளை அலசப்படுகிறது என்பதுதான் இதன் சிறப்பு. நல்ல தண்ணீர்த் தொட்டி பொதுவாக 600 முதல் 900 மில்லி வரை கொள்ளும். 1,000 சதுர அடி வீட்டுக்கு நடுவில் ஒருமுறையாவது நிரப்ப வேண்டிவரலாம்.

உருளை வகைக்குள்ளும் தேர்வு இருக்கிறது. முதலில் ஓரம். உருளையின் ஒரு முனையில் மோட்டார், பல்சக்கரக் கூடு இருந்தால் அந்தப் பக்கம் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரடி டைல்ஸ் பட்டையை ஒட்டி விரற்கடை அகலம் துடைபடாமல் விட்டுப்போகும். இரு பக்கமும் சுவர்வரை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது சாய்வு. கட்டிலுக்கு அடியில் போக வேண்டுமானால் முழுக்கத் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். அப்படிப் படுக்க வடிவமைக்கப்படாத மாடலைப் படுக்கப்போட்டால் அழுக்குத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். எடை 4 முதல் 5 கிலோ. தள்ளும்போது தெரியாது, மாடிப்படியில் தூக்கும்போது தெரியும்.

கடையில் செய்துகாட்டச் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் கொட்டும் கலர்த் தண்ணீரில் வேண்டாம். எந்த இயந்திரமும் அதை எடுத்துவிடும். ஒரு ஸ்பூன் ரவை, இரண்டு ஸ்பூன் டிகாஷன், கொஞ்சம் நீள முடி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். இவற்றைச் சுவரோரமாகக் கொட்டி ஒரே இழுப்பில் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு வெள்ளை டிஷ்யூ தாளால் அந்த இடத்தைத் தேயுங்கள். ஓரத்தில் ரவை வரிசையாக நின்றால் முனை இடைவெளி அதிகம். தரை நனைந்தே கிடந்தால் சீவுபட்டையோ பின்புற ரப்பரோ சரியில்லை. கடைசியாக அழுக்குத் தொட்டியை நீங்களே கழற்றி மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கை நுழையாத தொட்டி ஒரு மாதத்தில் நாறும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் ஊரில் இயந்திரங்கள் அதிகம் கெடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் கரைந்த உப்பு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை. பல இடங்களில் போர் தண்ணீர் 500-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அதைத் தொட்டியில் ஊற்றினால் பம்பிலும் உருளைமேல் நீர் சொட்டும் நுண்துளைகளிலும் உப்பு படிந்து, முதலில் ஒரு பக்கம் காய்ந்தே ஓடும், பிறகு முழுக்க நிற்கும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைத் துடைக்கப் பயன்படுத்தும் நல்ல பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது வாளிக்குச் சரி, இயந்திரத்துக்கு ஆகாது, உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். குழாய்க் குடிநீரோ வடிகட்டிய மழைநீரோ நல்லது. வெந்நீர் ஊற்றுவதானால் கையேட்டைப் பாருங்கள். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம் என்பதே வழக்கமான எச்சரிக்கை.

பினாயில், பாத்திரம் கழுவும் திரவம், சோப்புத் தூள் எதுவும் கூடாது. நுரை அழுக்குத் தொட்டியில் பொங்கி, தொட்டி பாதிகூட நிறையாமலே 'நிறைந்துவிட்டது' என்று இயந்திரத்தை நிறுத்தும். மிஞ்சிப்போனால் வடிகட்டியைத் தாண்டி மோட்டாரைத் தொடும். நுரைக்காத தரைத் திரவத்தை மூடியில் குறித்த அளவு மட்டும் ஊற்ற வேண்டும். ஆசிட், வினிகர், எலுமிச்சை கலந்தவை மார்பிளையும் கடப்பாக் கல்லையும் அரித்து மங்கலாக்கும். இரண்டும் சுண்ணாம்பு வகை. ஆத்தங்குடி டைல்ஸும் சிவப்பு ஆக்சைடு தரையும் சிமென்ட் என்பதால் இதே கதிதான். மரப்பலகைத் தரையில் குறைந்த நீர் அளவில்தான் ஓட்ட வேண்டும். இணைப்பு வழியே ஈரம் இறங்கினால் பலகை உப்பிவிடும்.

வாசலில் இதை ஓட்டாதீர்கள். அரிசி மாவுக் கோலம் தண்ணீர் பட்டதும் கூழாகிச் சீவுபட்டையில் ஒட்டி மறுநாளே புளித்த வாடை அடிக்கும். கல்மாவுப் பொடி வடிகட்டியை அடைக்கும். சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் உருளையின் பஞ்சை உரித்துவிடும். மண் அதிகம் வரும் வீடானால் முதலில் பெருக்கிவிட்டு ஓட்டுவதே உருளைக்கும் நல்லது. இதைச் சொன்னால் விற்பனையாளருக்குக் கோபம் வரும்.

தானே கழுவிக்கொள்ளும் என்ற வாக்குறுதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தினால் உருளையும் குழாயும் சில நிமிடங்களில் அலசப்படும், அவ்வளவுதான். அழுக்குத் தொட்டியைக் கொட்டிக் கழுவுவது, சீவுபட்டையில் சிக்கிய முடியை எடுப்பது, வடிகட்டியைக் கழுவி 24 மணி நேரம் காயவைப்பது எல்லாம் நம் வேலை. ஈர வடிகட்டியை அப்படியே மாட்டினால் உறிஞ்சுதிறன் குறைந்து நாற்றமும் சேர்ந்துகொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உருளை தானாகக் காய்வது அரிது. வெப்பக்காற்றில் உலர்த்தும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு உருளை வைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும். தொட்டி காலியாக இருந்தும் 'நிறைந்துவிட்டது' விளக்கு எரிந்தால் சர்வீஸுக்கு ஆள் கூப்பிடும் முன், தொட்டிக்குள் நீட்டியிருக்கும் இரண்டு உலோக முனைகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே படியும் வழவழப்புதான் பெரும்பாலும் காரணம்.

பேட்டரி 20 முதல் 35 நிமிடம் நிற்கும், மறுபடி நிறைய 4, 5 மணி நேரம் ஆகும். சில ஆண்டுகளில் திறன் குறைவது நிச்சயம் என்பதால் திருகைக் கழற்றி மாற்றத்தக்க பேட்டரியா என்று கேளுங்கள். உருளை, வடிகட்டி, பேட்டரி மூன்றின் விலையையும் பில் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். உருளையும் வடிகட்டியும் ஆண்டுக்கு ஓரிரு முறை மாற்ற வேண்டியவை. உதிரிபாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் தண்டம்.

2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகார் தொடர்பு விவரம் பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். இணையத்தில் விற்றால் எந்த நாட்டில் தயாரானது என்பதையும் காட்ட வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். இவை இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். வாங்கிச் சிக்கிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பாஸ்கலைப் பெட்டியில் பெரிதாக அச்சிடும் நிறுவனங்கள், ஓர இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், படுக்கவைத்தால் உயரம் எவ்வளவு, உருளை விலை என்ன, எத்தனை ஆண்டு உதிரிபாகம் தருவோம் என்ற நான்கையும் அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டு உபயோகப் பொருள் பழுதுநீக்குநர்,
திருச்சி.