பெட்டியில் வரும் சமையல்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே நாங்கள் சுகம். இவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். இப்போதே தோட்டத்துக்கு வேலி போடும் பேச்சுதான் நாள் முழுக்க.

உன் சின்னவள் படிக்க பாஸ்டன் வருகிறாள், சமையல் பழக்கமில்லை, அந்தப் பெட்டிச் சமையலுக்குப் பணம் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டுடி. ஆனால் முதல் செமஸ்டருக்கு மட்டும்.

வாரம் ஒருமுறை வாசலில் அட்டைப்பெட்டி வந்து இறங்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் தனித்தனிப் பை. அன்றைக்கு வேண்டிய கேரட், ஒரு எலுமிச்சை, இரண்டு பல் பூண்டு, சின்னப் பொட்டலத்தில் சோயா சாஸ், எல்லாம் அளந்து வைத்திருப்பார்கள். கறியும் மீனும் அடியில் ஐஸ் பைகளோடு இருக்கும். எண்ணெய், உப்பு, மிளகு நம்முடையது. படம் போட்ட செய்முறை அட்டையும் வரும். நறுக்குவதும் வதக்குவதும் நம் வேலைதான். அட்டையில் முப்பது நிமிடம் என்று போட்டிருப்பதை அவள் நம்ப வேண்டாம். காய் கழுவி நறுக்குவதையும் சேர்த்தால் புதுக்கைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

அடுப்படியில் நிற்பதைவிட, இன்றைக்கு என்ன செய்வது என்று யோசிப்பதுதான் ஆளைக் களைக்க வைக்கும், உனக்குத் தெரியாததா? அந்த யோசனையைத்தான் பெட்டி எடுத்துக்கொள்கிறது. ஸ்வீடனில் கிக்கி தியாண்டர் என்ற பெண்மணி 2007-லேயே இந்தத் தொழிலைத் தொடங்கிவிட்டார். பெர்லினில் ஹலோஃப்ரெஷ் என்ற கம்பெனி 2011-ல் வந்தது, நியூயார்க்கில் புளூ ஏப்ரன் என்ற கம்பெனி 2012-ல்.

எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் ஓவன். அதுவரை அதற்குள் பாத்திரங்களைத்தான் அடுக்கி வைத்திருந்தேன். காய்களை எண்ணெயும் உப்பும் பிசறி, 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைக்கச் சொல்லும் அட்டை. துண்டுகளைத் தட்டில் இடம் விட்டுப் பரப்ப வேண்டும். நெருக்கிப் போட்டால் தான் விட்ட தண்ணீரிலேயே வெந்து தொளதொளத்துப் போகும். இடம் விட்டால் ஓரமெல்லாம் சிவந்து, காயே இனிக்கும். மீன் பொரித்த சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டி, வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் அதுவே சாஸ். இப்போது சேனைக்கிழங்கையும் மிளகாய்த்தூள், மஞ்சள், சோம்பு போட்டுப் பிசறி ஓவனில்தான் வறுக்கிறேன். எத்தனை நன்றாக வருகிறது தெரியுமா! பெட்டியை நிறுத்திவிட்டேன், அட்டைகளை மட்டும் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அவளும் அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளட்டும்.

ஏன் ஒரு செமஸ்டர் போதும் என்கிறேன் என்றால், அளந்து வருகிற சமையலில் கைக்கு அளவு பிடிபடாது. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது, மிஞ்சிய சாதத்தை மறுநாள் என்ன செய்வது, சொல்லாமல் இரண்டு பேர் வந்தால் ரசத்தை எப்படிப் பெருக்குவது, இதெல்லாம் அந்த அட்டையில் இல்லை. நம் சமையலே அதில்தானே நிற்கிறது. காரமும் நம் நாக்குக்குப் போதாது.

காசு விஷயம் கவனம். ஒருவர் சாப்பாட்டுக்குச் சுமார் 10 டாலர், அனுப்பும் செலவு தனி. முதல் சில பெட்டிகளுக்குப் பெரிய தள்ளுபடி தருவார்கள், பிறகு முழு விலை. இந்த வாரம் வேண்டாம் என்று கெடுவுக்குள் சொல்லாவிட்டால் பெட்டி தானாக வரும், கார்டில் பணமும் போய்விடும். தள்ளுபடிக்கு வருகிற கூட்டம் அது முடிந்ததும் கலைந்துவிடுவதுதான் இந்தத் தொழிலின் தீராத நோய். 2017-ல் பங்குச்சந்தைக்கு வந்த புளூ ஏப்ரனே 2023-ல் வெறும் 103 மில்லியன் டாலர் அளவுக்குத்தான் விலைபோனது. பொதுவாகக் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் அனுப்புவார்கள். அதனால் ராத்திரி ஒன்று, மறுநாள் மதியத்துக்கு டப்பாவில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அவளுக்குக் கட்டுப்படியாகும்.

இத்தனை அட்டையும் பிளாஸ்டிக்கும் வீண்தானே என்று நீ கேட்பாய். எனக்கும் அந்தக் குப்பை மனதை உறுத்தியது. 2019-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து உணவுகளை எடுத்துக்கொண்டு, பெட்டியில் வருவதையும் கடையில் வாங்கிச் சமைப்பதையும் ஒப்பிட்டார்கள். கரியமில வாயுக் கணக்கில் ஒரு சாப்பாட்டுக்குப் பெட்டி 6.1 கிலோ, கடை 8.1 கிலோ. அளவாக வருவதால் உணவு வீணாவது குறைகிறது, ஒரே வண்டி பல வீடுகளுக்குப் போகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வாடிப்போன கீரைக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை அதுவரை நான் நினைத்ததே இல்லை. ஜெல்லாக இருக்கும் ஐஸ் பையை வெட்டி சிங்க்கில் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று சொல், குழாய் அடைத்துக்கொள்ளும்.

அவளிடம் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, உன் பருப்புப் பொடி கொடுத்தனுப்பு. பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அது இங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கும். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, நாங்கள் காரில் பாஸ்டன் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

என்றும் அன்புடன்,
உன் தோழி