'உண்மைச் சம்பவம்' என்று போடுமுன் முழுக் கதையையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேற்றுக்கிரகவாசிகள் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிற படங்களையும் தொடர்களையும் பற்றி உங்கள் ஞாயிறு சினிமாப் பக்கத்தில் வந்ததை வாசித்தேன். படங்களைப் பாராட்டியதில் எனக்குக் குறை இல்லை, நானும் அவற்றை விரும்பிப் பார்க்கிற ஆள்தான். ஆனால் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று விளம்பரத்தில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சம்பவம் பிறகு என்னவாயிற்று என்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டது சரியில்லை.

இந்த வகைக் கதைகளில் முதலில் உலகம் முழுக்கப் பரவியது அமெரிக்காவின் பெட்டி, பார்னி ஹில் தம்பதியினுடையது. 1961 செப்டெம்பரில் கனடாவுக்குப் போய்விட்டு இரவில் காரில் திரும்பும்போது ஒரு வெளிச்சம் பின்னால் வந்தது என்றார்கள், வீட்டுக்கு நேரம் பிந்தி வந்து சேர்ந்தார்கள், பிறகு பெட்டிக்குக் கனவுகள் வரத் தொடங்கின. விண்கலத்துக்குள் கொண்டுபோய்ச் சோதித்த கதை விரிவாக வெளிவந்தது 1964 இல், பொஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் அவர்களை ஹிப்னாடிச மயக்கத்தில் வைத்துக் கேட்டபோதுதான். அந்த மருத்துவரே கடைசியில் என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? மனைவியின் கனவுகளைக் கேட்டுக் கேட்டுக் கணவனின் மனதில் உருவானதுதான் அந்தக் கடத்தல் பகுதி என்று. பார்னி அந்த ஆட்களின் கண்களை வர்ணித்ததற்குச் சில நாள் முன்னர்தான் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' என்ற அமெரிக்க ரீவித் தொடரில் அதே மாதிரிக் கண்ணோடு ஒரு பாத்திரம் வந்திருந்தது என்பதையும் பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

1975 ஒக்டோபரில் ஹில் தம்பதியின் கதை அமெரிக்க ரீவியில் படமாக ஓடியது. இரண்டு கிழமை கழித்து நவம்பர் 5 ஆம் திகதி அரிசோனாவில் ட்ராவிஸ் வால்டன் என்ற மரம் வெட்டும் தொழிலாளி காணாமல் போய் ஐந்து நாளில் திரும்பி வந்து தன்னையும் தூக்கிப் போனார்கள் என்றார். அதை 1993 இல் படமாக்கியபோது, விண்கலத்துக்குள் நடந்ததாக அவர் சொன்னதையும் விட்டுவிட்டு வேறு பயங்கரக் காட்சிகளைச் சேர்த்தார்கள். அதற்கும் பெயர் உண்மைக் கதைதான்!

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். இங்கே இலங்கையில், எங்கள் பக்கம் ஆட்களை உண்மையிலேயே கடத்திக் கொண்டுபோனது வெள்ளை வான். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வந்து போராட்டம் இருந்த அம்மாமாரைக் கேளுங்கள், என்ன திகதி, எத்தனை மணி, என்ன உடுப்பு, பக்கத்தில் யார் நின்றது என்று ஒன்று விடாமல் சொல்வார்கள். விசாரணை ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கிச் சொல்லியும், சாட்சி எங்கே, ஆதாரம் எங்கே என்றுதான் அவர்களைக் கேட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மயக்கத்தில் சொன்ன ஒன்றை எந்தக் கேள்வியும் இல்லாமல் 'உண்மை' என்று அச்சில் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. அக்காவின் மகன் தரம் 8 படிக்கிறான். யூரியூப்பில் இந்த மாதிரித் தமிழ்க் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து இப்போது பொழுதுபட்டால் கிணற்றடிக்குத் தனியே போகமாட்டான். போன மாதம் ஒரு இரவு வானத்தில் வரிசையாக வெளிச்சங்கள் நகர்ந்து போயின, ஸ்டார்லிங்க் செய்மதிகள்தான், அவன் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். முற்றத்தில் இருந்த அம்மம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "சத்தம் கேக்குதோ, வண்டோ?" என்று கேட்டார். சண்டைக் காலத்தில் தலைக்கு மேலே சுற்றிய ஆளில்லா விமானத்தைத்தான் சொன்னார். இரண்டு பேரையும் இருத்தி அது என்ன, எப்படிச் சூரிய வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று விளங்கப்படுத்த எனக்கு வெகுநேரம் பிடித்தது.

கற்பனையைக் கற்பனையாகவே காட்டுகிற படங்கள் எவ்வளவு நல்லவை! 1977 இல் வந்த 'குளோஸ் என்கவுண்டர்ஸ்' படத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தேடித் தேடிக் கடைசியில் விண்கலம் வந்து இறங்கும் மலைக்கே போய்ச் சேருகிறாள். விண்கலம் திறந்து, எப்போதோ காணாமல் போனவர்கள் வயது ஏறாமல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இறங்கி வருகிறார்கள், அவளுடைய பிள்ளையும் வருகிறான். அந்தக் காட்சியை வன்னியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். நம்முடைய 'கலையரசி' 1963 லேயே வந்துவிட்டது, ஹில் தம்பதியின் கதை பத்திரிகைகளில் பரவியதற்கும் முன்னம். வேற்றுக்கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, கலை இல்லை, அதனால் பாட்டுச் சொல்லித்தரப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எம்.ஜி.ஆர். அங்கே போய் மீட்டு வருகிறார். இப்படி ஒரு படம் தமிழில் இருப்பது இன்றைய பெடியள் பலருக்குத் தெரியாது. உங்கள் சினிமாப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை போடுங்கள். அப்புறம், ஹில் தம்பதியின் கதையை இனி எப்போது எழுதினாலும் வைத்தியர் சைமன் சொன்ன முடிவையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்குடியிருப்பு.