சித்திரைத் தோரணத்தைப் பிள்ளைகளே தைக்கட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சித்திரை ஒன்றாம் தேதிக்கு, அதாவது ஏப்ரல் 14க்கு, பள்ளி வாசலில் கட்டும் தோரணத்தை இந்த வருடமும் துணியில்தான் செய்கிறோம். நான்காம் வகுப்பில் இருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும், பையன்களும் சேர்த்துத்தான், கையால் தைக்கப் போகிறார்கள். டைரியில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும் என்று முதலில் நினைத்தேன், ஆனால் போன வருடம் நடந்தது நினைவுக்கு வந்ததும் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிய மாவிலைகளும் மாங்காய்களும் பாதிக்கு மேல் மெஷின் தையலோடு திரும்பி வந்தன. சிலதில் ஓவர்லாக் கூட அடித்திருந்தது. நீங்கள் பாசத்தில்தான் செய்தீர்கள், பிள்ளையின் வேலை எல்லோர் முன்னாலும் அழகாக இருக்க வேண்டுமே என்ற ஆசையில்தான் டெய்லர் கடைக்குக் கொண்டு போனீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தோரணம் கட்டின அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தியிடம் "உன்னோட மாங்காய் எது?" என்று கேட்டேன். மேலே பார்த்தாள், தேடினாள், அவளுக்குத் தெரியவில்லை. அதே தோரணத்தில் ஒரு பையன் தைத்த வேப்பம்பூ இருந்தது, ஐந்து இதழில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, நூல் முடிச்செல்லாம் வெளியே தெரிய. அந்தப் பையன் அடுத்த ஒரு வாரமும் காலையில் வாசலில் நின்று, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அதைக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

அதனால் இந்த வருடம் உங்களிடம் கேட்பது இதுதான்: நீங்கள் தைத்துக் கொடுக்க வேண்டாம், கடையிலும் கொடுக்க வேண்டாம். பிள்ளை ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் பத்து நிமிடம் திணறினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். நூல் நுனியைச் சாய்வாக வெட்டினால் சுலபமாக நுழையும் என்று சொல்லிக் கொடுங்கள், ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கு விழும் என்று சொல்லுங்கள், ஆனால் ஊசியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கோணலாக வந்தால் கோணலாகவே கட்டுவோம்.

துணி விஷயம். புதுத்துணி ஒரு முழம்கூட வாங்க வேண்டாம். வீட்டில் கிழிந்த பருத்திச் சேலை, வேட்டி, தலையணை உறை, அப்பாவுடைய பழைய கைலி, இவை போதும். கைலி என்றால் எனக்குத் தனி சந்தோஷம், ஏனென்றால் நம் கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியில் நெய்கிற கட்டம் போட்ட கைலித் துணி பிள்ளைகளுக்குத் தையல் பழக ரொம்ப வசதி. கட்டத்தின் கோட்டைப் பிடித்தே வெட்டலாம், அதே கோட்டின் மேல் ஊசியை ஏற்றி இறக்கினால் ஓட்டுத் தையல் நேராக வந்துவிடும், ஸ்கேலும் பென்சிலும் தேவையில்லை. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் டெய்லர் கடைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுத் துணி மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள், பிள்ளையையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். நைலான், சாட்டின் மாதிரி வழுக்கும் துணி வேண்டாம், ஓரம் பிரிந்துகொண்டே போகும், சின்னக் கைகளுக்குப் பிடி கொடுக்காது. சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், அந்த நிறத் துணி என்றால் முதலில் தனியாக அலசி நிழலில் காயவைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஒரு கோடை மழை பெய்தாலே பக்கத்தில் இருக்கிற வெள்ளை வேப்பம்பூ எல்லாம் ரோஸ் நிறமாகிவிடும்.

கடையில் பத்து ரூபாய்க்கு மினுமினுக்கிற தோரணம் கிடைக்கிறதே என்று ஒரு தாத்தா கேட்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் பிளாஸ்டிக் கொடியும் ஒன்று. தடை ஒரு பக்கம் இருக்கட்டும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் விழாவுக்கு மறுநாள் காலையில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த மினுமினுப்பு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியும். துணித் தோரணத்தைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து அடுத்த வருடமும் கட்டலாம். போன வருடத்து மாவிலைகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, புதியதை அவற்றோடு சேர்த்துக் கட்டுவோம்.

என்னென்ன தைக்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். மாவிலையும் மாங்காயும் எல்லா வருடமும் உண்டு. வேப்பம்பூவும் கொன்றைப் பூவும் இப்போதுதான் மரத்தில் பூக்கின்றன, இரண்டுக்கும் ஐந்து இதழ் என்பதால் ஒரே அட்டை மாதிரியை வைத்து வெட்டலாம், வேம்புக்கு வெள்ளையில் சின்னதாக, கொன்றைக்கு மஞ்சளில் பெரிதாக. ஈஸ்டர் தேதி வருடா வருடம் மாறும், மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம், ஆனால் எப்போதும் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் வருகிறது. நம் பள்ளியில் ஈஸ்டர் கொண்டாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் ஆறாம் வகுப்பு துணி முட்டைகளும் தைக்கிறது. முட்டை தைப்பது கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும், உண்மையில் நடுவில் அகலமாகவும் இரு நுனியில் கூராகவும் நான்கு துண்டு வெட்டி, ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்தால் உருண்டு வந்துவிடும். துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துத் தைத்து, இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டு, அதன் வழியாக வெளியே புரட்டி, பஞ்சு அடைத்து மூட வேண்டும். புரட்டும்போது அது முட்டையாக மாறுகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, பிள்ளைகளின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

பஞ்சுக்கு இலவம்பஞ்சு. காய் வெடிக்கிற பருவம் இது, மரம் இருக்கிற வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கொடுத்தால் உதவியாக இருக்கும். விதை எடுக்கும்போது பஞ்சு பறக்கும் என்பதால் அந்த வேலையை ஆசிரியர்கள் வெளித் திண்ணையில் வைத்துச் செய்வார்கள். வீசிங், இளைப்பு இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குப் பஞ்சுக்குப் பதில் நறுக்கிய துணித் துண்டுகளை அடைக்கக் கொடுப்போம்.

அப்புறம், பையன்களுக்கு எதற்குத் தையல் என்று இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். நம் ஊரில் இதைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. படகு மறைவில் உட்கார்ந்து, கால் கட்டை விரலில் வலையை மாட்டி, வலை ஊசியால் கிழிசலை அடைத்துக்கொண்டிருப்பது யார்? ஆண்கள்தானே. பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேரைப் பார்க்கிறீர்கள், தேர்களில் குழாய் மாதிரி தொங்கி ஆடுகிறதே வண்ணத் துணி, அதன் பெயர் தொம்பை. ஒரு துணியின் மேல் இன்னொரு நிறத் துணியை வெட்டி வைத்துத் தைக்கிற அந்த வேலைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பேர் போனது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வருடம் மேடைக்கு நான்கு சின்னத் தொம்பைகள் தைக்கிறார்கள், அதில் பையன்கள்தான் அதிகம், அவர்களாகவே பெயர் கொடுத்தவர்கள்.

வலை பின்னத் தெரிந்த அப்பாக்களும் தாத்தாக்களும், கடலுக்குப் போகாத ஒரு நாளில், ஒரு மணி நேரம் பள்ளிக்கு வந்து ஏழாம் வகுப்புக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுக்க முடியுமா? ஏப்ரல் 15ல் ஆரம்பித்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது நேரம் இருக்கும் என்பீர்கள், ஆனால் எங்களுக்கு அதற்கு முன்னாலேயே தேவைப்படுகிறது.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும். 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது உங்களில் பலர் பள்ளிப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள், நம் கரையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஆரோவில்லில் இருக்கும் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், அந்தப் பக்கத்து மீனவ கிராமங்களின் பெண்களுக்கு மிச்சத் துணியில் விரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தது. சுனாமிகா என்று அதற்குப் பெயர். அந்தப் பொம்மையை விற்கவில்லை, பரிசாகத்தான் கொடுத்தார்கள், அப்படியே உலகம் பூராவும் போய்விட்டது. கடலைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்த பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து கையில் வேலையோடு பேச ஆரம்பித்தார்கள் என்பதுதான் என் மனதில் நிற்கிறது. தையல் வகுப்பில் நானும் இதைப் பார்க்கிறேன். வருடம் முழுக்க வாயே திறக்காத பிள்ளை, ஊசியும் துணியும் கையில் வந்ததும் தலையைக் குனிந்தபடியே பக்கத்தில் இருப்பவளிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்கிறது.

முழு ஆண்டுத் தேர்வு நேரத்தில் இது தேவையா என்று கவலைப்படுகிறவர்களுக்கு: செவ்வாயும் வியாழனும் கடைசிப் பாடவேளை மட்டும், 40 நிமிடம். பாடத்துக்கான நேரம் எதையும் தொடவில்லை. கணக்கும் இதிலேயே வருகிறது. வாசல் அகலம் 12 அடி, ஒரு மாவிலை 4 அங்குலம், இடையில் 2 அங்குலம் விட்டால் எத்தனை இலை வேண்டும் என்று கேட்டதற்கு நான்காம் வகுப்பு விரல் விட்டு, சுவரில் கோடு போட்டு, கடைசியில் 24 என்று சரியாகச் சொல்லிவிட்டது.

ஊசி பற்றி ஒரு வார்த்தை. சின்ன வகுப்புக்குப் பெரிய காதும் மொட்டை முனையும் உள்ள ஊசிதான். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணி வாங்குகிறோம், ஒன்று குறைந்தாலும் கண்டுபிடிக்கும் வரை யாரும் எழுந்திருப்பதில்லை. வீட்டில் பழகும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள், முக்கியமாகத் தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில். பாயில் உட்கார்ந்து தைக்க வேண்டாம், ஊசி விழுந்தால் பாயின் கோரைக்குள் போய் மறைந்துகொள்ளும்.

துணிகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு, பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதி, வருகிற திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். துணி அனுப்ப முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம், பள்ளியில் நிறைய இருக்கிறது. தோரணம் கட்டுவது ஏப்ரல் 13 மாலை நான்கு மணிக்கு. பள்ளி ஏணியில் ஒரு படி உடைந்திருக்கிறது, உயரமான ஏணி வைத்திருப்பவர்கள் அன்றைக்கு ஒரு மணி நேரம் கொடுத்து உதவுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்