சந்தாப் புத்தகமும் செத்த வீடும்

ஆசிரியருக்கு,

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்து வரும் இறை இரக்க ஞாயிறையொட்டி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2000ஆம் ஆண்டில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அந்த ஞாயிறை ஏற்படுத்தியது, 2015 டிசம்பரிலிருந்து அடுத்த ஆண்டு நவம்பர் வரை பிரான்சிஸ் பாப்பரசர் இரக்கத்தின் யூபிலி ஆண்டை நடத்தியது எல்லாம் அதில் இருந்தன. நல்லதுதான். ஆனால் இந்த இரக்கம் கோவில் பங்குகளுக்குள் வந்ததும் எங்கே தடக்குப்படுகிறது என்று ஒரு வரியும் இல்லை. நான் பார்த்தவரை, செத்த வீட்டில்தான்.

திருகோணமலையில் எங்கள் பங்கில் அரைவாசிக்கு மேல் கடற்றொழில் குடும்பங்கள். கார்த்திகையில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் தை வரைக்கும் வள்ளம் இறக்குவது நிச்சயமில்லை. அடுப்பெரிவதே கடனில். அதற்குள் கோவில் சந்தாவை எங்கே கட்டுவது? அப்படி ஒரு வீட்டில் போன மாரியில் ஒரு சாவு. பெட்டிகூட இன்னும் வந்து சேரவில்லை, பங்குச் சபைக்காரர் ஒருவர் சந்தாப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறார். நிலுவையைக் கட்டினால்தான் சேமக்காலையில் குழி வெட்டலாமாம். மூத்த மகன் சந்திக் கடை நானாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டினான். நானா எதற்கென்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். பங்குச் சுவாமிக்கு இது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சுவாமிமார் சில வருடத்துக்கு ஒருமுறை மாறிப் போவார்கள். புத்தகம் வைத்திருப்பவர்கள் மாறுவதில்லை.

சந்தாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேமக்காலை மதில், கரண்ட் பில், கோவிலைப் பார்க்கிறவரின் சம்பளம் எல்லாம் வானத்திலிருந்து விழாது. வசதியிருந்தும் கட்டாமல் திரிபவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதற்கு அந்த நாளா கிடைத்தது? திருச்சபைச் சட்டத்தின் 1181ஆம் இலக்கத்தை நம்முடைய சபைக்காரர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். அடக்கச் சடங்கில் ஆள் பார்க்கக் கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் கிடைக்காமற் போகக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகள் பசித்தோருக்கு உணவு கொடுப்பது போன்ற, உடல் சார்ந்த ஏழு இரக்கச் செயல்களையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவற்றில் ஆறு மத்தேயு 25இல் வருபவை. ஏழாவதான இறந்தோரை அடக்கம் செய்வது அந்த அதிகாரத்தில் இல்லை, தோபித்து நூலிலிருந்து வந்தது. நினிவேயில் அரசன் கொன்றுபோட்ட தன் இனத்தாரின் உடல்களை தோபித்து மறைவாக எடுத்து அடக்கினார், அதனால் சொத்து முழுவதையும் இழந்தார். பிறகும், பெருநாள் சாப்பாட்டைத் தொடாமல் வைத்துவிட்டு எழும்பிப்போய் ஒரு பிணத்தைத் தூக்கி வந்தார். அவர் யாரிடமும் நிலுவை கேட்டதாக வேதாகமத்தில் இல்லை.

தற்கொலை செய்தவர்களின் வீடுகளில் நடப்பது இன்னும் மோசம். மணி அடிக்கக் கூடாது, கோவிலுக்குள் கொண்டுவரக் கூடாது, சேமக்காலை மூலையில்தான் இடம் என்று சில பெரியவர்கள் இன்றும் சட்டம் பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது 1917ஆம் ஆண்டுச் சட்டம். 1983இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில், அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்தவர்கள் இல்லை. கடுமையான மனவேதனையும் மனநோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது. திருச்சபையே விட்டுவிட்டதை ஒரு தாயின் முன்னால் நின்று தூக்கிப் பிடிக்க இவர்கள் யார்?

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. சாவு நடந்த வீட்டில் 31ஆம் நாள் கழியும்வரை சந்தாப் பேச்சே எடுக்கக் கூடாது. முடியாத குடும்பங்களின் அடக்கச் செலவுக்குப் பங்கில் தனியாக ஒரு நிதி வேண்டும். திருவிழா வெடிக்கும் லைட்டுக்கும் போகிற காசில் கொஞ்சத்தை ஒதுக்கினாலே பிடிபடும். அதை ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபையிடம் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தோம் என்று அறிவித்தல் பலகையில் போடாமல். ஆயர் இல்லம் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பி எல்லாக் கோவில்களிலும் ஞாயிறு பூசையில் வாசிக்கச் செய்தால், புத்தகத்தோடு போக மனமில்லாமல் போகிற சபைக்காரருக்கும் வீட்டோடு நிற்க ஒரு சாட்டுக் கிடைக்கும்.

இப்படிக்கு,
பங்கு வாசகர் ஒருவர்,
திருகோணமலை.