படம் எங்கேயோ, இலக்கம் எங்கேயோ, காசு மட்டும் திருகோணமலை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ஸ்பா முற்றுகை, பெண்கள் கைது என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. எங்கள் ஊரில் பெரியவர்கள் அதை வாசித்து "கொழும்பு கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்கள். சரி, திருப்பட்டும். ஆனால் இணையத்தில் இருக்கிற பாலியல் சேவை விளம்பரத் தளங்களில் திருகோணமலை என்ற ஊரைத் தெரிவு செய்தால் என்ன வருகிறது, அதில் கை வைக்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். நான் நகருக்குள் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறவன். ரீலோட், போன் இலக்கத்துக்குக் காசு அனுப்புகிற ஈசி கேஷ், எம் கேஷ், போட்டோகொப்பி, இதுதான் பிழைப்பு. இந்த ஊரில் யாருடைய காசு எந்தப் பக்கம் போகிறது என்று கோயில் ஐயருக்கும் பள்ளிவாசல் மௌலவிக்கும் தெரியாததெல்லாம் எங்களுக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். நீளம் கூடினால் வெட்டுங்கள், வங்கிக் கணக்கு பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு விளம்பரமும் திருகோணமலை விளம்பரமும் பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே நடக்கிற சுத்துமாத்து வேறு. கொழும்பில், நீர்கொழும்பில் சனம் கூட, போய்ச் சேர ஒரு கதவாவது இருக்கும். அங்கே ஏமாற்று அந்தக் கதவுக்கு உள்ளேதான்: விளம்பரத்தில் ஒரு விலை, உள்ளே போனால் ரூம் காசு தனி, அந்தக் காசு தனி என்று மூன்று மடங்கு, படத்தில் இருந்தவர் ஒருவர், வந்து நிற்பவர் வேறொருவர், இல்லாவிட்டால் பாதியில் இரண்டு பேர் கதவைத் தட்டி "பொலிஸ்" என்று ஏதோ ஓர் அட்டையைக் காட்டிப் பணப்பையைக் காலி செய்வது. திருகோணமலையில் கதவே கிடையாது. உப்புவெளியில் ரூம், நிலாவெளியில் ரூம், டவுனுக்குள் தனி வீடு என்று எழுதியிருக்கும், ஆனால் அந்த ரூமைக் கண்டவன் எவனும் இல்லை. ஒரு விளம்பரத்தில் ஊர் திருகோணமலை என்று போட்டுவிட்டு, கீழே "காலி வீதிக்குப் பக்கத்தில்" என்று இருந்தது. கொழும்பில் போட்டதை அப்படியே எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியவன் அந்த வரியைப் பார்க்க மறந்துவிட்டான். அதே படம், அதே இலக்கம், மட்டக்களப்பிலும் இருக்கும், யாழ்ப்பாணத்திலும் இருக்கும். மே மாதம் பிறந்து வெளிநாட்டுக்காரர் நிலாவெளிப் பக்கம் வரத் தொடங்கினால் எங்கள் ஊர்ப் பெயரில் விளம்பரம் பெருகும், மழை தொடங்கினால் அதெல்லாம் ஹிக்கடுவைப் பக்கம் போய்விடும். பருவத்துக்குப் பட்டாணி விற்கிற மாதிரி.

என் கடையில் நடப்பது இப்படி. ஆள் வருவார், அநேகமாகக் கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து. போனை என் பக்கம் திருப்பாமல் கையால் பாதியை மறைத்துக்கொண்டு ஓர் இலக்கத்தை வாசிப்பார், இரண்டாயிரம் போடச் சொல்வார். யாருக்கு என்று கேட்டால் "வீட்டுக்கு". வீட்டு இலக்கத்தைப் பார்த்து வாசிக்கிறவர் எத்தனை பேர், சொல்லுங்கள். அது புக்கிங் காசு. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார், இப்போது ஐயாயிரம், "சிகியுரிட்டி டெபோசிட், வந்தவுடன் திருப்பித் தருவார்கள்" என்று எனக்கே விளக்கம் சொல்லுவார், நான் கேட்கவே இல்லை. மூன்றாவது தடவை வரும்போது முகம் வெளிறிப் போயிருக்கும். அந்தத் தடவை போடுகிற காசு பெண்ணுக்கு இல்லை, மிரட்டுகிறவனுக்கு. காசு போடாவிட்டால் வட்ஸ்அப்பில் கதைத்ததை எல்லாம் படம் பிடித்து மனுசிக்கும் மச்சானுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் அனுப்புவேன் என்று பேஸ்புக் நண்பர் பட்டியலையே எடுத்துக் காட்டியிருப்பான். நான் கடைக் கொப்பியின் பின்பக்கத்தில் இந்த இலக்கங்களை எழுதி வைக்கிறேன். ஒரே இலக்கத்துக்கு வேறு வேறு ஆட்கள் காசு போட வருவதைக் கண்டால் நேராகவே சொல்லிவிடுவேன்: "அண்ணன், இந்த இலக்கத்துக்கு உங்களுக்கு முன்னமும் ஆட்கள் போட்டவை, ஒருத்தரும் ஒன்றையும் காணவில்லை." சிலர் கேட்பார்கள். சிலர் கோபப்பட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

ஊருக்கு ஊர் ஏன் இப்படி மாறுகிறது என்று யோசித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அந்த ஊரில் காசு எப்படிக் கைமாறுகிறது, அந்த ஊர் ஆள் எதற்குப் பயப்படுகிறான், இந்த இரண்டையும் பார்த்துத்தான் கள்ளன் கதையைக் கட்டுகிறான். டுபாயில் வேலை செய்துவிட்டு வந்த எங்கள் பொடியன்களைக் கேளுங்கள், நிறுத்தி வைத்த கார்க் கண்ணாடியில் மசாஜ் அட்டை செருகியிருக்கும், அதை நம்பி ஒரு பிளாட்டுக்குப் போனால் உள்ளே நாலைந்து பேர் நின்று வங்கி அட்டையைப் பறித்து இரகசிய இலக்கத்தைக் கேட்பார்கள். விசா போய்விடும் என்ற பயத்தில் போனவன் வாய் திறப்பதில்லை. சிங்கப்பூரில் முன்கூட்டியே அலிபே என்ற சீனச் செயலிக்கான கிரெடிட்டோ ஐடியூன்ஸ் பரிசு அட்டையோ வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள், பிறகு பெண்ணின் "பொஸ்" என்று ஒருவன் எடுத்து அதட்டுவான். அந்த நாட்டுப் பொலிஸ் இதற்கென்றே தனிப் பெயர் வைத்து வருடக்கணக்காக எச்சரித்து வருகிறது. அமெரிக்காவில் பரிசு அட்டை. அங்கே விளம்பரத்துக்குப் போன் எடுத்தவனுக்கு வெட்டிப்போட்ட பிணங்களின் படத்தை அனுப்பி "நாங்கள் மெக்சிகோ போதைக் கும்பல், எங்கள் பெண்களின் நேரத்தை வீணாக்கிவிட்டாய், தண்டம் கட்டு" என்பார்கள். இந்தியாவில் வீடியோ கோல் எடுத்து ஆளைப் பதிவு செய்துவிட்டு, அடுத்த நாள் டெல்லிப் பொலிஸ் அதிகாரி என்று ஒருவன் பேசுவான். ராஜஸ்தானில் பரத்பூர், ஹரியானாவில் மேவாத் பக்கம் இதையே தொழிலாகச் செய்தவர்களைப் பிடித்ததாகச் செய்திகளில் வந்ததுதானே. எங்கள் ஊரில் மெக்சிகோக்காரனும் வேண்டாம், டெல்லிப் பொலிஸும் வேண்டாம். "உன் மச்சானுக்கு அனுப்புவேன்" என்றாலே போதும். மூதூரில் இருமினால் கிண்ணியாவில் கேட்கிற ஊர் இது.

இந்தத் தளங்களில் எங்கள் ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்றும் சிலர் கேட்கிறார்கள். கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற பெரிய விளம்பரத் தளம் அமெரிக்காவில் 2010 செப்டெம்பரில் பாலியல் சேவை விளம்பரப் பகுதியை மூடியது, 2018 மார்ச்சில் ஆள் தேடும் விளம்பரங்களையும் எடுத்துவிட்டது. அடுத்த மாதமே இதே மாதிரி விளம்பரம் போட்ட பேக்பேஜ் தளத்தை எஃப்பிஐ கைப்பற்றியது. பெரிய கடைகள் பூட்டினவுடன் வியாபாரம் நிற்கவில்லை, எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஆயிரம் சின்னத் தளங்களுக்குப் போய்விட்டது. அதில் பலதுக்கும் உலகத்து ஊர்ப் பட்டியல் ஒன்று கிடைத்தால் போதும், ஆளே இல்லாவிட்டாலும் திருகோணமலைக்கு ஒரு பக்கம் தானாகத் திறந்துகொள்ளும். வெறுமையாகக் கிடக்கிற அந்தப் பக்கத்தைக் கள்ளன் நிரப்புகிறான். முறைப்பாடு செய்யப் பதில் சொல்கிற நிர்வாகமும் கிடையாது.

படங்கள் எங்கிருந்து வருகின்றன? இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே ஆண்பிள்ளைகளின் பணப்பைக்காக அழுத கடிதமாகிவிடும். இன்ஸ்டகிராமில், பேஸ்புக்கில் கல்யாண வீட்டுப் படம் போட்ட பிள்ளைகளுடையது. சில நேரம் கோபித்துக்கொண்டு போன ஒருவன் வேண்டுமென்றே படத்தோடு அவளுடைய உண்மையான இலக்கத்தையும் சேர்த்துப் போடுகிறான். சிம்மை மாற்ற வேண்டும் என்று ஒரு பிள்ளை தாயோடு என் கடைக்கு வந்தது. நடுச்சாமம் தொடங்கி விடியும் வரைக்கும் யார் யாரோ எடுக்கிறார்களாம். பேசிக்கொண்டு நிற்கும்போதே தாயின் கையில் இருந்த அந்தப் போன் அடித்தது, தெரியாத இலக்கம், தாய் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், நின்றது, அடுத்த இலக்கம் அடித்தது. பொலிஸுக்குப் போங்கள் என்றேன். "அங்கே போனால் பிள்ளையைத்தானே தம்பி கேள்வி கேட்பார்கள்" என்றார். பழைய சிம்மை வீசவேண்டாம், வந்த இலக்கங்களையும் விளம்பரப் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள் என்று சொல்லிப் புதுச் சிம் கொடுத்தேன். ஹிதவதி என்ற அமைப்பு இப்படி இணையத்தில் அகப்பட்ட பெண்களுக்கு உதவுகிறது, பெண்களுக்கான 1938 இலக்கமும் இருக்கிறது, இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இருக்கிறது. இந்த மூன்றும் எங்கள் ஊரில் எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

இனி வங்கிக் கணக்கு. காசு கொழும்புக்கோ மியன்மாருக்கோ போகிறது என்று நினைக்கிறோம். உண்மைதான், மியன்மார் எல்லை நகரான மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் எங்கள் நாட்டுப் பொடியன்களே அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்டார்கள். 2024 ஜூனில் நீர்கொழும்பு, மடிவெல, பத்தரமுல்லைப் பக்கம் இணைய மோசடிக்கென்று இருந்த வெளிநாட்டுக்காரரைப் பிடித்தார்கள். ஆனால் காசு முதலில் போய் விழுகிற கணக்கு பல நேரம் உள்ளூர்ப் பெயரில். ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிற பொடியனிடம் ஒருவன் வந்து, "உன் பெயரில் கணக்கொன்று திற, ஏ.ரி.எம். அட்டை, அதன் இலக்கம், ஒரு சிம், மூன்றையும் கவரில் போட்டுத் தா, சும்மா இருக்கிறதுக்கு மாதம் இத்தனை தருவேன்" என்பான். பொடியனுக்கு அது ரீலோட் காசு, பெற்றோல் காசு. வங்கிக்கு வங்கி காசு இப்போது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும், சேர்ந்தவுடனே எடுத்தும் விடுவார்கள். ஏமாந்தவன் தப்பித் தவறி முறைப்பாடு செய்தால் கடைசியில் பொலிஸ் வந்து நிற்பது இந்தப் பொடியனின் வீட்டு வாசலில்தான், ஏனென்றால் ஆவணத்தில் இருப்பது அவனுடைய அடையாள அட்டை. 2006ஆம் ஆண்டின் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டம், 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் எல்லாம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியவரும். கவரை வாங்கிக்கொண்டு போனவன் காய்வெட்டிவிட்டுப் போயிருப்பான். தாய் தகப்பன்மாரிடம் நான் கேட்பது, பிள்ளை யாரோடு சுற்றுகிறான் என்று பார்க்கிற அதே கண்ணோடு அவன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது, எத்தனை கணக்கு இருக்கிறது, அட்டை அவன் கையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விடயத்தில் எங்கள் பொலிஸ் கையில் வைத்திருப்பது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டமும் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிச் சட்டமும், இரண்டும் வெள்ளைக்காரன் போட்டது. தெருவில் நிற்கிற பெண்ணைப் பிடிக்கவும் வீட்டை முற்றுகையிடவும் அது போதும். பெண்ணும் இல்லாத, வீடும் இல்லாத திருகோணமலை விளம்பரத்தை அந்தச் சட்டத்தால் என்ன செய்ய? இங்கே நடப்பது களவு, பயமுறுத்திக் காசு பறிப்பது. அதை ஒழுக்கக் கேடு என்ற கணக்கில் எழுதினால் ஏமாந்தவன் தானும் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிவிடுகிறான், கள்ளனுக்கு அதைவிட வேறென்ன பாதுகாப்பு வேண்டும். போனவன் செய்தது சரியா பிழையா என்று அவன் மனுசி கேட்கட்டும். பொலிஸ் கேட்க வேண்டியது காசு எந்தக் கணக்குக்குப் போனது என்று.

ஆகவே பொலிஸாருக்கு ஒரு வேண்டுகோள். முறைப்பாடு எழுத வருகிறவனிடம் "அங்கே ஏன் போனாய்" என்று நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவன் மிரட்டுகிறவனுக்கு இன்னொரு இருபதாயிரம் கட்டுகிறான். வங்கி முகாமையாளர்களுக்கும்: வேலை வெட்டி இல்லாத பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கணக்கில் ஒரே நாளில் பத்துப் பேர் சின்னச் சின்னத் தொகையாகப் போட்டு, அன்று பின்னேரமே முழுவதும் எடுபடுகிறதென்றால் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம்தானே. கடன் தவணை ஒரு நாள் பிந்தினால் வீட்டுக்கு ஆள் அனுப்பத் தெரிகிறது.

உங்களிடம் கேட்பது சின்ன விடயம். ஞாயிறு இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக இதைப் போடுங்கள்: முற்பணம் கேட்டால் அங்கே ஆள் இல்லை, மிரட்டினால் காசு கட்டவேண்டாம், ஒரு தடவை கட்டினவனைத்தான் திரும்பக் கேட்பார்கள், உரையாடலை அழிக்காமல் இலக்கத்தையும் ரசீதையும் வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள், 101, 1938. ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டால் எல்லாரும் வாசிப்பார்கள்.

என் பெயரையும் கடைப் பெயரையும் தயவுசெய்து போட வேண்டாம். போட்டீர்கள் என்றால் அந்த ஆட்கள் என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்காத கடையில் போய்க் காசு போடுவார்கள்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரர்,
திருகோணமலை.