கழன்ற இலத்திரனை எண்ணினால் போதும்

கொக்குவில்

மச்சான்,

ஏழு மாதமாக உனக்கு எழுதவில்லை, மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறா. உங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை கொட்டிக் காய்த்தது. உன் பங்கையும் நாங்களே சாப்பிட்டோம், நீ வராத குற்றம்.

சரி, விசயம் இதுதான். விண்வெளியில் அணுக்களை எண்ணும் கருவியைச் சோதிக்க ஒட்சிசன் அணுக்கற்றை தரும் அமைப்பு ஒன்று வரைகிறேன். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செய்மதி செக்கனுக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர் ஓடுகிறது. அங்கேயுள்ள ஒட்சிசன் அணு அதில் 5 இலத்திரன்வோல்ற்றுச் சக்தியோடு மோதும். அதே வேகம் ஆய்வுகூடத்தில் வேண்டும். ஆனால் அணுவுக்கு மின்னேற்றம் இல்லை. மின்புலம் தள்ளாது, காந்தப்புலம் வளைக்காது.

அதனால் ஓர் இலத்திரன் கூடிய மறை அயனாக ஓட்டிவந்து வழியில் லேசர் அடிப்பதென்று முடிவெடுத்தேன். ஒட்சிசன் தன் மேலதிக இலத்திரனை 1.46 இலத்திரன்வோல்ற்றில்தான் பிடித்துவைத்திருக்கிறது. 808 நானோமீற்றர் ஒளியில் 1.53 இருக்கிறது, போதும். இலத்திரன் கழன்றுவிடும், அணு வந்த வேகத்திலேயே போகும், மிஞ்சிய அயன்களை மின்தகடு ஒதுக்கிவிடும்.

என் தூக்கத்தைக் கெடுத்தது எண்ணிக்கை. அயன்களை உலோகக் கிண்ணத்தில் பிடித்து மின்னோட்டமாக அளக்கலாம், நடுநிலை அணுவை அப்படி அளக்க முடியாது. எத்தனை அனுப்பினோம் என்று தெரியாமல் கருவி சொல்லும் எண்ணை எப்படி நம்புவது? சந்திரனில் மோதும் சூரியக்காற்றுப் புரோத்தன்களில் ஐந்திலொரு பங்கு வரை ஐதரசன் அணுவாகத் திரும்புகிறது என்று சந்திரயான்-1 கருவி காட்டியதே, அந்த ஐந்திலொன்றும் இப்படியொரு சோதனையை நம்பித்தான் நிற்கிறது. ஏவிய பிறகு யார் ஏறிப்போய்த் திருத்துவது?

போன கிழமை கரண்ட் போய் முற்றத்தில் இருந்தபோது பிடிபட்டது. கழன்ற இலத்திரனை எண்ணினால் போதும், ஒன்றுக்கு ஓர் அணு! லேசரை ஏற்றியும் அணைத்தும் அளந்து வித்தியாசத்தை எடுக்கலாம். சிதறும் ஒளி உருக்குச் சுவரிலிருந்து இலத்திரனைக் கிளப்பாது, அதற்கு அந்தச் சக்தி காணாது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “நல்லது தம்பி, முதல்ல சாப்பிடு” என்றா.

இனி உன் பாடு. அணு ஒரு சென்ரிமீற்றரை 1.3 மைக்ரோசெக்கனில் கடந்துவிடுகிறது. 100 வாற்று லேசரைச் சில மில்லிமீற்றருக்குள் குவித்தாலும், என் கணக்கில் 100 அயனில் மூன்றுதான் மாறும். ஒளியை வெற்றிடத்துக்குள்ளேயே ஆடிகளுக்கிடையில் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். என்ன ஆடி, என்ன பூச்சு, சூட்டில் விலகாமல் எப்படிப் பிடிப்பது? இதை உன்னைத் தவிர யாரிடமும் கேட்க மனமில்லை. வரைபடம் இத்துடன் வருகிறது, சிவப்புக் கோடு போட்டே திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய மேசைக்காரன்